நிரம்பாத வேகன்: மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போன இரும்புத்தாது ரயில்

பரீட்சை முடிந்த கையோடு எழுதுகிறேன். இந்த முறை வரலாறு. ஆனால் ராஜாக்கள் யாரும் வரமாட்டார்கள். ஒரு கூட்ஸ் வண்டிதான் கதாநாயகன். அதுவும் அட்டையில் செய்த, 12 சென்டிமீட்டர் நீளமுள்ள வேகன். சிரிக்காமல் படியுங்கள் :-)

நானும் என் அறைத்தோழனும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கல்லூரி விடுதியில் இருக்கிறோம். எங்களைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் என்று எங்கு பார்த்தாலும் தொழிற்சாலை, ஷிப்ட் பஸ், கன்டெய்னர் லாரி. ஆனால் இவ்வளவு பெரிய தொழிற்பேட்டையின் நடுவில் இருக்கிற ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் நிலையம் கிடையாது. ஆவடியிலிருந்து கூடுவாஞ்சேரிக்கு இந்த வழியாகப் பாதை வரும் என்று பல வருடங்களாகப் பேச்சு நடக்கிறது. ரயில் பார்க்க வேண்டுமென்றால் வடக்கே திருவள்ளூருக்குப் போக வேண்டும், அல்லது தெற்கே வாலாஜாபாத்துக்கு. ரயில் இல்லாத ஊரில் இருப்பவனுக்குத்தான் ரயில் பைத்தியம் அதிகமாகப் பிடிக்கும் போலிருக்கிறது. போன வருடம் விடுதி அறையிலேயே ஒரு மாதிரி ரயில் செய்ய ஆரம்பித்தோம்.

என்ன ரயில் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு ஆறு வயது இருக்கும்போது திருவள்ளூர் பிளாட்பாரத்தில் அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "எண்ணுடா" என்பார். எதிர்த் தண்டவாளத்தில் செம்மண் பூசிய மாதிரி ஒரு கூட்ஸ் போகும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண ஆரம்பித்தால் முப்பதுக்கு மேல் குழம்பிவிடும். அப்பா மட்டும் கடைசி வரை எண்ணி "அம்பத்தெட்டு" என்பார். அவர் எண்ணினாரா, ஏற்கெனவே தெரிந்து வைத்திருந்தாரா என்று இன்று வரை தெரியாது. அந்த வண்டி இப்போது வருவதில்லை. அதைத்தான் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தோம்.

முதலில் நான்கு வேகன் செய்தோம். சன்போர்டில் வெட்டி, ஒட்டி, பெயின்ட் அடித்து, உள்ளே விளிம்பு வரைக்கும் கல் பொடியை நிரப்பி மேலே சிவப்பு தெளித்தோம். பார்க்க அம்சமாக இருந்தது. பெருமையோடு வகுப்புத் தோழன் ஒருவனின் தாத்தாவிடம் காட்டினோம். அவர் அரக்கோணத்தில் கூட்ஸ் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார்.

"இன்னாப்பா இது, கரி வண்டியா?"

"இல்ல தாத்தா, தாது வண்டி. பெல்லாரிலேருந்து ஹார்பருக்கு வருமே, அது."

"அதுல ஏம்பா இவ்ளோ ரொப்பிக்கிறே? இந்த மாரி ரொப்புனா வண்டி எப்பிடிப்பா நகரும்? பாதிக்கும் கொறச்சலாத்தான் இருக்கும் தம்பி. பக்கத்துல நின்னு பாத்தா உள்ள ஒண்ணும் இல்லாத மாரியே இருக்கும்."

அவமானமாகத்தான் இருந்தது. அறைக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். தாத்தா சொன்னதுதான் சரி. இந்தக் கட்டுரையே அந்தக் கணக்கிலிருந்துதான் பிறந்தது.

இந்திய ரயில்வேயின் திறந்த சரக்கு வேகன்களில் அதிகம் கண்ணில் பட்டது பாக்ஸ்-என். 1980களின் தொடக்கத்தில் வந்தது. பெயரில் உள்ள 'என்' காற்று பிரேக்கைக் குறிக்கும். அதற்கு முன்பு ஓடிய பாக்ஸ் வேகன் இதைவிட நீளமானது, வாக்குவம் பிரேக் கொண்டது. பாக்ஸ்-என் வேகனின் நீளம் 10.7 மீட்டர், வெறும் எடை 22.47 டன். நான்கு அச்சு. ஒவ்வொரு அச்சும் தண்டவாளத்தின் மேல் அழுத்தக்கூடிய எடை 20.32 டன். நான்கால் பெருக்கினால் 81.28 டன். அதில் வேகனின் சொந்த எடையைக் கழித்தால் சரக்குக்கு மிஞ்சுவது 58 டன் சொச்சம். இதைத் தாண்டக்கூடாது.

வேகனின் கொள்ளளவு சுமார் 56 கன மீட்டர். நிலக்கரி லேசானது, ஒரு கன மீட்டர் ஒரு டன்கூட வராது. அதனால் விளிம்பு வரை, சில சமயம் அதற்கு மேலும் குவித்தால்தான் 58 டன் தேறும். இரும்புத்தாது அப்படியில்லை. கன மீட்டருக்கு இரண்டரை டன் என்று வைத்துக்கொண்டால் 23 கன மீட்டரிலேயே 58 டன் வந்துவிடும். பரப்பிவிட்டால் சுமார் 80 சென்டிமீட்டர் உயரம். வேகனின் உள் உயரமோ கிட்டத்தட்ட 195 சென்டிமீட்டர். மிச்சம் ஒரு ஆள் உயரத்தில் முக்கால்வாசி காலியிடம்! ஆறு வயதில் நான் அப்பாவின் தோளில் இருந்து பார்த்தபோது வேகன்கள் காலியாகப் போகின்றன என்றுதான் நினைத்தேன். அவை முழுப் பாரத்தோடு போயிருக்கின்றன.

ஆக, அது தாது வண்டிதான் என்று பக்கவாட்டில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? சிவப்புக் கறையை வைத்துத்தான். மற்றபடி அது நிலக்கரிக்காகவே அளவெடுத்த வேகன். தாதுக்கென்றே செய்த வேகன்கள் நம்மிடமும் இருந்தன. 'பாய்' என்று ஒரு வகை, பக்கச்சுவர் தாழ்வாக இருக்கும், அச்சுக்கு 22.9 டன் தாங்கும். ஆனால் தாழ்ந்த வேகனில் தாதுவைத் தவிர வேறு எதை லாபமாக ஏற்றுவது? பாக்ஸ்-என்னில் இன்றைக்குத் தாது, நாளைக்குக் கரி, மறுநாள் ஜல்லி. ஏழை வீட்டு அண்டா மாதிரி, எல்லாத்துக்கும் அதேதான்.

அமெரிக்காவில் கதை வேறு. மினசோட்டாவில் தாது ஏற்றும் ரயில்வேக்கள் 24 அடி நீளத்தில் குட்டைக் குட்டையாக வேகன் வைத்திருந்தன. ஏரிக்கரையில் கப்பலுக்குத் தாது கொட்டும் மேடையில் 12 அடிக்கு ஒரு குழி. வேகன் இரண்டு குழிக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தாது கனமானது என்பதால் குட்டை வேகனே போதும். அந்த வேகன்களின் மாதிரிகள் அந்த நாட்டுக் கடைகளில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். டுலூத் நகரத்தைக் கண்ணால் பார்க்காதவன்கூட வாங்கி ஓட்டலாம். நம்முடைய வண்டி வேண்டும் என்றால் நாமேதான் வெட்டி ஒட்ட வேண்டும்.

சரி, அந்த வண்டி எங்கிருந்து எங்கே போனது?

கர்நாடகத்தின் பெல்லாரி, ஹொசபேட்டை, சண்டூர் மலைகளில் நல்ல ஹெமடைட் தாது உண்டு. அங்கிருந்து குண்டக்கல், கூட்டி, கடப்பா, ரேணிகுண்டா, அரக்கோணம், திருவள்ளூர் வழியாக மெட்ராஸ் துறைமுகம். 500 கிலோமீட்டருக்கு மேல். கடைசிப் பகுதி தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை, 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜப்பான் எஃகு ஆலைகளை மறுபடி எழுப்பியபோது அவர்களிடம் தாது இல்லை. நம்மிடம் தாது இருந்தது, அந்நியச் செலாவணி இல்லை. 1960ல் ஜப்பானோடு ஒப்பந்தம் போட்டு, பைலடிலா மலைத் தாதுவை விசாகப்பட்டினத்துக்குக் கொண்டுவரவே கொத்தவலசா–கிரந்துல் பாதையைக் கிழக்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து போட்டார்கள். அந்தப் பாதை கிட்டத்தட்ட 1000 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்கும். அரக்கு பள்ளத்தாக்குக்கு ரயிலில் சுற்றுலா போனவர்கள் அதில்தான் போயிருப்பீர்கள். ஏற்றுமதியைப் பார்த்துக்கொள்ள 1963ல் எம்.எம்.டி.சி. என்ற அரசு நிறுவனம் உருவானது. குத்ரேமுக்கில் மட்டும் ரயிலே இல்லை. தாதுவைப் பொடியாக்கித் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக மங்களூருக்கு அனுப்பினார்கள். (குழாய்க்கு மாதிரி செய்ய யாரும் ஆசைப்பட மாட்டார்கள். நிம்மதி.)

மெட்ராஸில் 1970களில் பாரதி டாக் என்ற வெளித்துறைமுகப் பகுதியில் தாதுவுக்கு இயந்திர ஏற்பாடு வந்தது. ஆமாம், நம்ம பாரதியார் பெயர்தான். வேகனை டிப்ளர் என்ற இயந்திரம் அப்படியே பிடித்துத் தலைகீழாகக் கவிழ்க்கும். தாது கன்வேயரில் போய்க் குவியலாகும், குவியலிலிருந்து மறுபடி கன்வேயரில் போய்க் கப்பலில் கொட்டும். ஆண்டுக்கு 80 லட்சம் டன் கையாளும் திறன். இதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 58 வேகன், வேகனுக்கு 58 டன் என்றால் ஒரு ரயிலுக்கு 3,364 டன். 80 லட்சம் டன்னுக்கு வருடத்தில் சுமார் 2,400 ரயில். தினமும் ஆறு அல்லது ஏழு. ஒரு லட்சம் டன் ஏற்றும் கப்பல் ஒன்று வந்தால் அதற்கு மட்டும் 30 ரயில் வேண்டும். இதே எண்ணிக்கையில் காலி வண்டி திரும்பிப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருவள்ளூர் பக்கம் லோக்கல் ரயிலுக்காகக் காத்திருந்தவர்களுக்கு இது புரியும்.

இப்போது மாதிரிக்கு வருவோம். நாங்கள் எடுத்துக்கொண்டது எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. 58 வேகன், இரண்டு இன்ஜின், கடைசியில் கார்டு பெட்டி எல்லாம் சேர்த்தால் நிஜ வண்டி ஏறக்குறைய 670 மீட்டர். எச்.ஓ.வில் 7.7 மீட்டர். எங்கள் அறையின் நீளம் 12 அடி, மூன்றரை மீட்டர் சொச்சம். ரயில் அறைக் கதவைத் திறந்து வராண்டாவில் இறங்கி வார்டன் அறை வரைக்கும் போய்விடும். ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் 2001ல் 682 வேகன்களோடு 7.35 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தாது ரயில் ஓடியது. அதை எச்.ஓ.வில் செய்தால்கூட 84 மீட்டர் வரும், எங்கள் கல்லூரி மைதானம் வேண்டும். ஆகவே உலகம் முழுக்க மாதிரி ரயில்காரர்கள் செய்வதையே நாங்களும் செய்தோம். 12 வேகன்தான். அப்பா பார்த்தால் எண்ணி முடித்துவிட்டு "மிச்சம் எங்கடா?" என்பார்.

அடுத்த தலைவலி தண்டவாளம். நம்முடைய அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் 1,435. கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் அந்த 1,435க்காகச் செய்த 16.5 மில்லிமீட்டர். நமக்குச் சரியாக வேண்டுமென்றால் 19.3 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் குறை. கேட்க ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் முன்னால் இருந்து பார்த்தால் நம்ம இன்ஜின், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கால் இரண்டையும் சேர்த்து வைத்து நிற்கிற பொம்மை மாதிரி இருக்கும். சுத்தக்காரர்கள் தண்டவாளத்தையே கையால் செய்வார்கள். நாங்கள் சோம்பேறிகள், 16.5லேயே ஓட்டினோம். யாராவது முன்னால் குனிந்து பார்த்தால் பேச்சை மாற்றிவிடுவோம்.

எந்த வருடம் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். "பழைய தாது ரயில்" என்று பொதுவாக ஒன்றைச் செய்யவே முடியாது. 1978 என்றால் பாக்ஸ் வேகன். 1990 என்றால் பாக்ஸ்-என், முன்னால் டபிள்யூ.டி.எம்-2 டீசல். அமெரிக்காவின் ஆல்கோ வடிவமைப்பு, 1962ல் அங்கிருந்து முதல் வண்டிகள் வந்தன, பிறகு வாரணாசியில் செய்தார்கள், 2,600 குதிரைத்திறன். 2007 என்றால் அதே ஆல்கோ குடும்பத்தில் சரக்குக்கென்றே வந்த 3,100 குதிரைத்திறன் டபிள்யூ.டி.ஜி-3ஏ, 1995ல் பிறந்தது. அப்பா தோளில் உட்கார்ந்து நான் பார்த்ததற்கு மிகப் பக்கத்தில் வருவது 2007 என்பதால் அதையே எடுத்தோம்.

இதில் ஒரு வேடிக்கை. 2005ஐ ஒட்டி, லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்த காலத்தில், தாதுப் பாதைகளில் வேகனுக்கு 8 டன் கூடுதலாக ஏற்றலாம், அதற்கு மேல் 2 டன் வரை கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை என்று அனுமதி கொடுத்தார்கள். அதே வேகன், அதே தண்டவாளம், வருமானம் மட்டும் எகிறியது. ரயில்வே லாபத்துக்குத் திரும்பிய கதையை அப்போது மேலாண்மைக் கல்லூரிகளில் எல்லாம் பாடமாக எடுத்தார்கள். தண்டவாளத்துக்கும் வேகனுக்கும் தேய்மானம் அதிகம் என்று பொறியாளர்கள் முணுமுணுத்ததும் உண்டு. அந்தக் கூடுதல் 8 டன், வேகனுக்குள் எவ்வளவு உயரம்? 11 சென்டிமீட்டர். எங்கள் மாதிரியில்? 1.3 மில்லிமீட்டர்! தேசமே விவாதித்த ஒரு கொள்கை, எங்கள் அட்டை வேகனில் ஒரு தீப்பெட்டி அட்டையைவிடக் கொஞ்சம் தடிமன். ஆனாலும் 2007 வண்டி என்று சொல்லிவிட்டு அந்த 1.3 மில்லிமீட்டரைச் சேர்க்காமல் இருக்க மனசு கேட்கவில்லை. சேர்த்தோம்.

தாதுவுக்கு எதைப் போடுவது என்று ரொம்ப நாள் யோசித்தோம். செங்கல் பொடி ஆரஞ்சாக அடித்தது. மிளகாய்த்தூள் யோசனையை என் தோழன் முன்வைத்தான், தும்மலோடு அது முடிந்தது. கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பூஜைச் சாமான் கடையில் கோலத்துக்குக் காவிப்பொடி கேட்டு வாங்கினேன். கருங்கல் பொடியோடு அதைக் கலந்தால் அசல் தாது. அசல் என்பது சும்மா இல்லை. காவியின் சிவப்பு இரும்பு ஆக்சைடுதான். ஹெமடைட் தாதுவும் அதே. ரயில்வே வேகனுக்கு அடித்த ரெட் ஆக்சைடு பெயின்ட்டின் நிறமும் அதே. வேகனின் துருவும் அதே உறவுதான். மார்கழியில் வாசலில் கோலத்தைச் சுற்றி அம்மா இழுக்கிற செம்மண் கரையும், ஜப்பானுக்குக் கப்பலேறிய சரக்கும் ஒரே பொருள் என்பது எனக்குப் பள்ளிக்கூட வேதியியலில் தெரியவில்லை, 35 ரூபாய் பொட்டலத்தில் தெரிந்தது.

இடத்துக்குக் கடப்பா பக்கத்தைத் தேர்ந்தெடுத்தோம். உண்மையான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2007ல் அங்கே மின்கம்பி கிடையாது. எச்.ஓ. அளவில் மின்கம்பி கட்டுவது நரக வேதனை. அதோடு நிலப்பரப்பு சுலபம். யாரோ சமையலறை மேடையிலிருந்து கழற்றிப் போட்ட உடைந்த கடப்பாக்கல் கிடைத்தது. அதையே சில்லு சில்லாக உடைத்து அடுக்கினால் கடப்பா தயார்.

இதை எல்லாம் முடித்துக் கல்லூரி விழாவில் வைத்தோம். காசிமேட்டிலிருந்து வரும் ஒரு நண்பன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்குடா. ஆனா ஊரே இல்லையே. ஹார்பரை ஏன் விட்டுட்டீங்க?" என்றான். இடமில்லை, மின்கம்பி, அது இது என்று சொன்னேன். "இல்லடா, செவப்புத் தூசியெல்லாம் வண்டி மேல மட்டும் இருக்கு. அது வண்டி மேலேயே நிக்கிற ஐட்டமா?" என்றான்.

மாதிரி ரயில் செய்பவர்களுக்குப் புது வண்டியைப் பழையதாகக் காட்டுவது ஒரு கலை. துரு, கறை, தூசி எல்லாம் பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு வைப்பார்கள். நாங்களும் ஒரு வாரம் ரசித்து ரசித்துத் தூசி வைத்தோம். அந்தத் தூசியின் பேரில்தான் வழக்கே நடந்தது. சென்னைத் துறைமுகத்தில் கையாளும் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் வடசென்னைக் குடியிருப்புகளில் மாசாக இறங்குகிறது என்ற வழக்கில், 2011 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தூசிச் சரக்குகளை அக்டோபர் 1 முதல் சென்னைத் துறைமுகத்தில் கையாளக்கூடாது, எண்ணூருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது உத்தரவு.

அதே காலத்தில் மறுமுனையிலும் கதவு சாத்தப்பட்டது. 2003க்குப் பிறகு சீனாவின் பசியால் தாது விலை ஏறியதும் பெல்லாரியில் என்ன நடந்தது என்று செய்தி படித்தவர்களுக்குத் தெரியும். அனுமதி இல்லாத சுரங்கம், அனுமதிக்கு மேல் வெட்டிய சுரங்கம், எல்லை தாண்டிய சுரங்கம். 2010 ஜூலையில் கர்நாடக அரசு துறைமுகங்கள் வழியான தாது ஏற்றுமதியைத் தடை செய்தது. 2011 ஜூலையில் லோக் ஆயுக்தா சந்தோஷ் ஹெக்டேயின் அறிக்கை வந்தது. அடுத்த சில நாட்களில் உச்ச நீதிமன்றம் பெல்லாரி மாவட்டத்தில் சுரங்க வேலையையே நிறுத்தியது. எண்ணூரில் தாதுவுக்கென்றே கட்டிய முனையம், வராத தாதுவுக்காகக் காத்திருந்து கடைசியில் நிலக்கரி முனையமாக மாற்றப்பட்டது. 2022ல் உச்ச நீதிமன்றம் கர்நாடகத் தாதுவின் ஏற்றுமதிக்கு மறுபடி வழிவிட்டது. ஆனால் திருவள்ளூர் வழியாக மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போன அந்தச் சிவப்பு வண்டிக்கு 2011தான் முற்றுப்புள்ளி.

எனக்கு அந்த வண்டி பிடிக்கும். அது நின்றது சரி என்றும் நினைக்கிறேன். இரண்டையும் ஒரே பலகையில் எப்படி வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நாள் ரயிலைத் தொடவே இல்லை. பிறகு காசிமேட்டு நண்பனையே பிடித்து உட்கார வைத்தோம். 30 சென்டிமீட்டருக்கு ஒரு தனிப் பலகை. அதில் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பின் பின்பக்கச் சுவர், பால்கனி, பால்கனியில் நூலால் கட்டிய கொடி, கொடியில் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளின் பின்பக்கத்தை வெட்டிச் செய்த வேட்டிகள். வேட்டிகளுக்கு அவனே காவி தொட்டு வைத்தான். எங்களைவிட அளவாக, கொஞ்சமாக, மடிப்புகளில் மட்டும் வைத்தான். எங்கே படியும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

வெளிநாட்டில் இந்த மாதிரி ரயில்கள் ஆவணமாகவே பயன்படுகின்றன. நம் நாட்டில் புனேயில் 1998ல் திறந்த ஜோஷி சிறு ரயில் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, போனவர்கள் ஆச்சரியப்பட்டு வருகிறார்கள். சென்னையில் ஐ.சி.எஃப். பக்கத்தில் 2002ல் திறந்த ரயில் அருங்காட்சியகமும் ஒரு மாலை நேரத்துக்கு நல்ல இடம். பொதுவாக அருங்காட்சியகங்களுக்கு நீராவி இன்ஜினும் மகாராஜா சலூனும்தான் செல்லப்பிள்ளைகள். சரக்கு வேகன் ஆயுள் முடிந்தால் பழைய இரும்புக்குப் போய் உருகிவிடும். தாது சுமந்த வேகன் மறுபடி இரும்பாகிப் போவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றாலும், அடுத்தவன் அளவெடுக்க ஒன்றாவது மிச்சம் வேண்டாமா?

நம்ம பக்கத்திலேயே இன்றைக்கு ஓடும் ஒரு வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிற்பேட்டையின் கார்களை ரயிலில் ஏற்றும் இடங்களில் ஒன்று வாலாஜாபாத். கார் ஏற்றும் ரயில்களில் ஒரு வகை, பழைய பயணிகள் பெட்டிகளின் ஜன்னல்களைத் தகட்டால் அடைத்து, முனையில் கதவு வைத்து மாற்றியது. நம் தாத்தா பாட்டி திருப்பதிக்குப் போன பெட்டியில் இப்போது கார் உட்கார்ந்து போகிறது. அந்தக் காலத்தில் நம் தாது ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் போனது. பிறகு அந்த நாட்டுக் கம்பெனிகள் இங்கேயே வந்து கார் செய்ய ஆரம்பித்தன. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். தாது வெளியேறிய அதே சென்னைத் துறைமுகம் வழியாக ஹூண்டாய் கார்கள் கப்பலேறின. நான் வாலாஜாபாத்துக்குப் போய் அந்த அடைத்த ஜன்னல் பெட்டிகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் இருபது வருடத்தில் யாராவது கேட்பார்கள்.

கடைசியாக, தாத்தாவிடம் மறுபடி போனோம். இந்த முறை தாது சரியான மட்டத்தில். ஒவ்வொரு வேகனாக எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார். "ம்... இப்ப வண்டி நகரும்" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அப்புறம் பன்னிரண்டாவது வேகனுக்குப் பின்னால் விரலை வைத்துத் துழாவினார்.

"கார்டு எங்கப்பா உக்காருவான்?"

பிரேக் வேனைச் செய்யவே இல்லை. பன்னிரண்டு வேகனோடு அலுத்துப்போய் விட்டுவிட்டோம். இப்போது கார்டு என்ற பெயர்கூட இல்லை, 2022லிருந்து டிரெயின் மேனேஜர். தாத்தா முப்பது வருடத்துக்கு மேல் அந்தக் கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து போனவர். நான்கே சக்கரம், ராத்திரியில் தூக்கிப் போடும் என்றார். ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தைக் கிழித்து, பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். இது கதவு, இது பெட்டி வைக்கிற இடம், இங்கேதான் சாப்பாட்டு கேரியரை மாட்டுவேன். மாட்டும் கொக்கி எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று தோழன் கேட்டான். தாத்தா எழுந்து நின்று, கையை நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டினார். அவன் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அளந்தான். 124 சென்டிமீட்டர். எச்.ஓ.வில் 14 மில்லிமீட்டர்.